தே ஓ கோசோங் குடித்தும் குறையாத சீனி

கோலா குபு பாருவில் யாருக்கு இனிப்பு நீர் வந்தாலும் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "வாயைக் கட்டத் தெரியல." கல்யாண வீட்டில் அவர் லட்டுக்குக் கை நீட்டினால் பத்துக் கண்கள் திரும்பும். கடையில் தே தாரிக் கேட்டால் கடைக்காரரே "அண்ணே, கோசோங்தானே?" என்பார். அக்கறையில் சொல்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறைக்கு அடியில் ஒரு முழு மருத்துவக் கொள்கையே இருக்கிறது. சீனி தின்றவனுக்குச் சீனி நோய் வரும். உள்ளே கெட்டுப்போனது கணையம். நாக்கை அடக்கினால் நோய் அடங்கும். இந்த வழக்கில் மூளையைச் சாட்சியாகக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

ஒரே ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கதையை முடிப்பது இந்த ஊருக்குப் பழக்கமானதுதான். 1883 அக்டோபரில் பழைய கோலா குபுவுக்கு மேலே இருந்த அணை உடைந்து ஊரையே வாரிக்கொண்டு போனது. பிரிட்டிஷ் அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அப்படி நடந்தது என்று இன்றும் கதை சொல்வார்கள். கதைக்கு முதலை போதும். அணை ஏன் உடைந்தது என்று கேட்பவர் மழையையும் மண்ணையும் பழங்கரையையும் பார்க்க வேண்டியிருக்கும். இனிப்பு நீர் விஷயத்தில் நாம் சுட்டுக்கொண்டிருக்கும் முதலை நாக்கு.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அதிகம். நாக்கு மட்டுமே காரணம் என்றால், நாட்டிலேயே அடக்கம் கெட்ட நாக்கு நம்முடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. ஊரில் சொல்லப்படுவதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"சீனியை நிறுத்து, சீனி இறங்கிவிடும்." இதுதான் முதல் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சீனிப் பானங்கள் நோய்க்கு வழிவிடுகின்றன என்பது தெளிவாக நிரூபிக்கப்பட்டது. 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது வீம்புக்கு அல்ல. ஆனால் இந்த வாதத்தை நம்பி ஆறு மாதமாகத் தே ஓ கோசோங் மட்டும் குடித்துவிட்டு, கிளினிக்கில் ரத்தம் கொடுத்து, "9.2" என்று மிஸி சொன்னதும் திகைத்து நிற்பவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ராத்திரி திருட்டுத்தனமா என்ன தின்னீங்க?"

ஒன்றும் தின்னாமலே லிட்டருக்கு 9.2 மில்லிமோல் வரும். எப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சுகமாக இருக்கும் ஒருவரின் உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சீனி ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் போலச் சீனியை எரிக்கிறது. மணிக்கு 5 கிராம் ஆகிறது. ரத்தத்தில் இருப்பதை மட்டும் நம்பியிருந்தால், இரவு பத்து மணிக்குப் படுப்பவருக்குப் பதினொன்றுக்கே மூளை அணைந்துவிடும். அணைவதில்லை. கல்லீரல் இரவு முழுக்கச் சீனி தயாரித்து, மணிக்கு 8 கிராம் அளவில் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. நோயாளியின் உடம்பில் இந்தத் தயாரிப்புக்குக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. தேவை முடிந்த பிறகும் கல்லீரல் நிறுத்தாமல் செய்துகொண்டே போகிறது. விடியற்காலை 9.2 என்பது பெரும்பாலும் அவருடைய கல்லீரல் இரவில் செய்த சரக்கு. பலகாரத் தட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் போகலாம்.

அந்தக் கடிவாளம் யார் கையில் இருக்கிறது? கணையத்தின் இன்சுலின் ஒரு கை. மூளை இன்னொரு கை. மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதலமஸ் என்ற, பாதாம் பருப்பளவே உள்ள பகுதி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கட்டளை நரம்புகள் வழியே கல்லீரலுக்கும் கணையத்துக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் போய்ச் சேர்கிறது. விடியுமுன் உடம்பை எழுப்புவதற்காக மூளையின் கடிகாரம் கார்ட்டிசோலை ஏற்றுகிறது. வளர்ச்சி ஹார்மோன் அதற்கு முன்பே, தூக்கத்திலேயே சுரந்துவிடுகிறது. இரண்டுமே கல்லீரலின் சீனித் தயாரிப்பைத் தூண்டுபவை. சுகமான உடம்பில் கூடுதலாகக் கொஞ்சம் இன்சுலின் சுரந்து அதைச் சமன்செய்துவிடும். நோயாளியிடம் அது நடக்காது. இரவு படுக்கும்போது இருந்ததைவிடக் காலையில் எண் கூடியிருப்பது இதனால்தான். இதற்காகக் கணவனை மனைவியும் அம்மாவை மகளும் சந்தேகப்படுவதைக் கேட்டால் எரிச்சலாக வருகிறது.

கோசோங் கட்சிக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கால் கிலோ வெந்த சோற்றில் 70 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றில் அது சீனியாகத்தான் மாறும். தேக்கரண்டிக் கணக்கில் பதினான்கு. தேயில் போடும் இரண்டு கரண்டியை நிறுத்திவிட்டுச் சோற்றை இரண்டாம் முறை வாங்கிக்கொள்பவர் எதை நிறுத்தினார்?

அடுத்த வாதம் படித்தவர்களிடமிருந்து வருவது. "இது கணையத்து நோய். இன்சுலின் சுரக்கவில்லை, அல்லது சுரந்தது வேலை செய்யவில்லை. மூளைக்கு இதில் என்ன வேலை?"

இதற்குப் பதில் கணையக் கொள்கையைவிடப் பழையது. 1849-இல் பாரிசில் கிளோட் பெர்னார் என்ற உடலியல் அறிஞர் ஒரு முயலின் பின்மூளையில், நான்காவது அறை எனப்படும் இடத்தின் தரையில், ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் முயலின் சிறுநீரில் சீனி இறங்கியது. கணையத்தை அவர் தொடவே இல்லை. முயல் இனிப்பு எதுவும் தின்னவும் இல்லை. கல்லீரல் சீனியைச் சேமித்து வெளியிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஆகவே மருத்துவ உலகில் இந்த நோய்க்கு முதலில் சந்தேகிக்கப்பட்ட இடங்களில் மூளையும் ஒன்று.

பிறகு காற்று திசை மாறியது. 1889-இல் ஸ்திராஸ்பூர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபொன் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. 1921-இல் டொரோண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு அந்தச் சாறு ஊசியாகப் போனது. கொலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த இரண்டாவது மருந்தில் பையனின் சீனி இறங்கியது. அதுவரை மரண தண்டனையாக இருந்த நோய் அன்றிலிருந்து வாழக்கூடியதாயிற்று. அடுத்த ஆண்டே நோபல் பரிசு. இவ்வளவு பெரிய வெற்றி வந்த பிறகு, ஒரு முயலின் பின்மூளையை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? பெர்னார் தவறென்று யாரும் நிரூபிக்கவில்லை. இன்சுலினின் வெளிச்சத்தில் அவரை மறந்துபோனார்கள், அவ்வளவுதான்.

நினைவு திரும்ப அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1978-இல் எலியின் மூளை முழுக்க இன்சுலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பது தெரிந்தது. மூளை சீனியை எடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் இன்சுலினைக் கேட்பதில்லை. பின் அந்த ஏற்பிகள் எதற்கு? அடுத்த ஆண்டு சியாட்டிலில் உட்ஸ், போர்ட் முதலானோர் பபூன் குரங்குகளின் மூளைத் தண்டுவட நீரில் கொஞ்சம் இன்சுலினைச் செலுத்தினார்கள். குரங்குகள் குறைவாகச் சாப்பிட்டு இளைத்தன. ரத்தத்தில் இருக்கும் இன்சுலின் மூளைக்கு ஒரு தகவல், 'கையிருப்பு போதும்' என்று சொல்லும் தகவல் என்பது இதிலிருந்து புரிந்தது. 2000-இல் ப்ரூனிங் குழு நரம்பணுக்களில் மட்டும் இன்சுலின் ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கியது. கணையம், கல்லீரல், தசை எல்லாம் ஒழுங்காக இருந்தும் அந்த எலிகள் பருத்தன. அவற்றின் உடம்பு இன்சுலினுக்கு மசியவில்லை. 2002-இல் நியூயார்க்கில் ரொசெட்டி குழு எலியின் மூளைக்குள் இன்சுலினைச் செலுத்தியதும் கல்லீரலின் சீனித் தயாரிப்பு குறைந்தது. மூளையிலிருந்து கல்லீரலுக்குப் போகும் வேகஸ் நரம்புக் கிளையை அறுத்துவிட்டால் இத்தகைய மூளைக் கட்டளை கல்லீரலை எட்டவில்லை என்பதையும் அதே குழு பின்னர் காட்டியது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் வைத்துவிடுகிறேன். எலியில் நடப்பதெல்லாம் மனிதனில் அதே அளவில் நடக்கும் என்று சொல்ல முடியாது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆலன் செரிங்டன் குழு நாய்களில் செய்த ஆய்வுகளில், மூளை வழியாக வரும் கட்டளை மெதுவானதாகவே தெரிந்தது. கல்லீரலை நேரே போய்த் தொடும் இன்சுலினுக்குத்தான் அங்கே முதலிடம். மூளையின் பங்கு எவ்வளவு என்ற சண்டை ஓயவில்லை. ஆனால் பங்கே இல்லை என்று அந்தச் சண்டையில் யாரும் வாதாடுவதில்லை. ஊரில் மட்டும்தான் அந்த வாதம் கேட்கிறது.

"மூளை சீனி தின்னும் உறுப்பு, சீனியை ஆளும் உறுப்பு இல்லை." இதை மறுக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, நம் வீட்டு அனுபவமே போதும். விரதம் இருக்கும் பெரியம்மா காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் கோயிலில் நிற்கிறார். பதினோரு மணிக்கு வேர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பசி பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் சாமி வந்துவிட்டது என்றுகூட நினைப்பார்கள். வந்திருப்பது மூளை அனுப்பிய அபாய அறிவிப்பு.

சீனி இறங்க இறங்க உடம்பு படிப்படியாகச் செயல்படுகிறது. 4.5-க்குக் கீழே வந்ததும் கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 3.8 அருகில் குளுக்ககானும் அட்ரினலினும் சுரந்து, கல்லீரலைச் சீனி விடச் சொல்லும். 3-ஐ நெருங்கும்போது வேர்வையும் நடுக்கமும் பசியும் வரும். அதற்கும் கீழே போனால் பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது. இவையெல்லாம் சுகமானவரின் எண்கள். நோயாளியிடம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஹைபோதலமஸிலும் பின்மூளையிலும் சீனியின் அளவை உணரும் நரம்பணுக்கள் இருக்கின்றன. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலும் உணரிகள் இருந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அட்ரினலினைச் சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து நரம்பு வழியாகத்தான் வருகிறது. நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள இந்த உறுப்பு, ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அவ்வளவு செலவாளி தன் கையிருப்பை எண்ணிப் பார்க்காமல் இருக்குமா?

இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. அது உயிர் காக்கும் விஷயமும்கூட. இன்சுலின் போடுபவருக்கோ, கிளிக்ளஸைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கோ அடிக்கடி சீனி இறங்கினால், மூளை அந்தத் தாழ்ந்த அளவுக்குப் பழகிப்போகிறது. பிறகு எச்சரிக்கை வருவதில்லை. வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் நேராக மயக்கத்துக்குப் போகிறார். "எனக்கு லோவாகிறதே தெரியாது, உடம்பு பழகிடுச்சு" என்று சிலர் பெருமையாகவே சொல்வார்கள். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. காவலாளி தூங்கிவிட்டான் என்று அர்த்தம். மருந்தின் அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் சரிசெய்து, சில வாரம் சீனி ஒருமுறைகூட இறங்காமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த எச்சரிக்கை திரும்ப வருகிறது. இதில் கணையம் மாறவில்லை, நாக்கு மாறவில்லை. மாறியது மூளையின் அளவுகோல்.

இனி எனக்கு மிகவும் கோபம் வரும் வாதம். "அடக்கம் இல்லாதவர்கள். கண்டதைத் தின்று உடம்பைப் பெருக்கிக்கொண்டார்கள்."

முதலில் ஒன்று: தோட்டத்துப் பக்கம் இனிப்பு நீர் உள்ள எத்தனை பேர் ஒல்லியாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கை கால் குச்சி, வயிறு மட்டும் சின்னத் தொப்பை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் இதைப் பிறந்த குழந்தையிலேயே கண்டார். அங்கே பிறக்கும் குழந்தைகள் வெள்ளைக்காரக் குழந்தைகளைவிட எடை குறைந்தவை. ஆனால் அந்தக் குறைந்த எடையிலும் கொழுப்பின் பங்கு அதிகம், தசையின் பங்கு குறைவு. 2004-இல் அவரும் லண்டனின் யட்கினும் சேர்ந்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடை ஒரே அளவு. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடம்பில் 21. தாயின் வயிற்றில் கிடைத்த ஊட்டத்திலிருந்தே தொடங்கும் ஒரு விஷயத்துக்கு ஐம்பது வயதில் லட்டைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

உண்மையிலேயே பருத்தவர்களைப் பற்றிக் கேட்டால், அங்கும் மூளைதான் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் ஓயாமல் தின்று பந்தாக உருண்ட ஒரு எலி வகை தென்பட்டது. அதற்கு என்ன குறை என்று கண்டுபிடிக்க 45 ஆண்டுகள் பிடித்தன. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் விடையைச் சொன்னார். கொழுப்பணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கின்றன. அந்த எலிக்கு லெப்டின் சுரக்கவில்லை. உடம்பு கொழுத்துக் கிடந்தும் அதன் மூளை பஞ்ச காலம் என்றே நம்பிக்கொண்டிருந்தது. பருத்த மனிதர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் தாராளமாகவே இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அவர்கள் பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தால் லெப்டின் சரிகிறது. மூளை பதறிப்போய்ப் பசியைக் கூட்டுகிறது, உடம்பின் செலவைச் சுருக்குகிறது. குறைத்த எடை ஏன் திரும்ப ஏறுகிறது என்பதற்கு இது பெரிய காரணம். அவர் தினமும் மல்லுக்கட்டுவது தன் மூளையோடு. பார்ப்பவர்கள் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கிறார்கள்.

இன்று உலகமே பேசும் செமகுளூட்டைட் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கென்று அனுமதி பெற்றது, 2021-இல் உடல் எடைக்கும் அனுமதி பெற்றது. கணையத்தில் அது வேலை செய்கிறது என்பது உண்மை. எடை குறைவதோ பெரும்பாலும் மூளையால்தான். ஹைபோதலமஸிலும் மூளைத்தண்டிலும் உள்ள ஏற்பிகளைத் தொட்டுப் பசியைத் தணிக்கிறது. வாரம் ஒரு ஊசி போட்டதும் ஒருவருக்கு "அடக்கம்" வந்துவிடுகிறது என்றால், அதற்கு முன் அவரிடம் இல்லாமல் போனது ஒழுக்கமா, ஹார்மோனின் சேதியா?

"எங்க தாத்தா காலத்துத் தோட்டத்தில் இந்த நோயே கிடையாது." இதைச் சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அன்றைக்கு யார் சோதித்தார்கள்? தோட்டத்து டிரஸ்ஸரிடம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து இருந்தது. ரத்தச் சீனி பார்க்கும் கருவி அவர் மேசையில் இல்லை. மலேரியாவிலும் காசநோயிலும் நாற்பதில் போனவர்களுக்கு ஐம்பதில் என்ன நோய் வந்திருக்கும் என்பதும் கேள்விதான். ஆனாலும் தாத்தா காலத்தில் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணத்தை மட்டும் நாக்கில் தேட மாட்டேன்.

தாத்தா விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றார். வெளிச்சம் வந்ததும் வெட்டத் தொடங்கி, மரம் மரமாக நடந்து, மத்தியானத்துக்குள் பாலை ஸ்டோரில் சேர்த்தார். பொழுது சாய்ந்து சோறு உண்டு படுத்தார். கங்காணியின் கொடுமை, கூலியின் கேவலம் எல்லாம் உண்டு. அந்த வாழ்க்கையைப் புகழ வரவில்லை. ஆனால் அவருடைய மூளைக் கடிகாரமும் சூரியனும் ஒரே நேரம் காட்டின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, ஆட்கள் வெளியேறினார்கள். 2024 மே மாதம் இங்கே இடைத்தேர்தல் நடந்தபோது நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டத்து மக்களின் வீட்டுப் பிரச்சினை மறுபடி பேசப்பட்டதே, அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? புக்கிட் பெருந்தோங், செரண்டா, ரவாங் பக்கம் தொழிற்சாலை ஷிப்டில் நிற்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள், மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை ஜாகா வேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு ரொட்டி சானாய், பகலில் தகரக் கூரை வெக்கையில் அரைத்தூக்கம்.

கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரம் பார்க்கும் கடிகாரம் ஹைபோதலமஸில் இருக்கிறது. கணையம், கல்லீரல், தசை எல்லாவற்றிலும் கிளைக் கடிகாரங்கள் உண்டு. இரவில் கணையம் மந்தமாக இருக்க வேண்டிய நேரத்தில் சாப்பாடு உள்ளே போனால், அதே ரொட்டி பகலில் ஏற்றுவதைவிட அதிகம் சீனியை ஏற்றும். 1999-இல் சிகாகோவில் ஈவ் வான் கௌட்டர் குழு சுகமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்க விட்டது. சீனியைச் சமாளிக்கும் அவர்களுடைய திறன் கண்கூடாகக் குறைந்தது. 2009-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஷீர் குழு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பிவைத்தது. கணக்கிட முடிந்த எட்டுப் பேரில் மூவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் வந்த சீனி, நோய்க்கு முந்திய நிலையில் இருப்பவருடையதைப் போல இருந்தது. சில நாளிலேயே இப்படி. ஜாகா அண்ணன் பத்து வருஷமாகச் செய்கிறார்.

2021-இல் அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் 19 பேரை இரவு வேலைக்காரர்களைப் போல விழிக்கவைத்து, ஒரு பிரிவினருக்கு இரவில் சாப்பாடு கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்குப் பகலில் மட்டும் கொடுத்தார்கள். இரவில் சாப்பிட்டவர்களின் சீனி ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சின்ன ஆய்வுதான், ஆய்வுக்கூடத்துக்குள் நடந்ததுதான். ஆனால் "என்ன தின்றாய்" என்று மட்டும் கேட்கும் ஊருக்கு, "எப்போது தின்றாய், எப்போது தூங்கினாய்" என்ற கேள்வியும் உண்டு என்று அது காட்டிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து ஒருவர் கிளம்பி வருவார் என்று தெரியும். "அப்பவே சொன்னேன், எல்லாம் டென்ஷன். மனசை அடக்கினால் போதும், மாத்திரையைத் தூக்கிப் போடு." வாட்சாப்பில் இவருக்கு ஏகப்பட்ட சீடர்கள். இவருக்கு என் மறுப்பு இன்னும் கடுமையானது.

மனக்கவலை சீனியைக் கூட்டும், உண்மை. அட்ரினலினும் கார்ட்டிசோலும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் நான் இதுவரை பேசிய ஹைபோதலமஸ், நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்து கட்டளையிட்டால் கேட்கும் உறுப்பல்ல. மூளையைத் தொட்டுச் சீனியைக் குறைக்கும் வழிகளை விஞ்ஞானம் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. டோபமின் வழியாக வேலை செய்யும் புரோமோகிரிப்டின் மாத்திரையின் ஒரு வடிவத்துக்கு 2009-இல் அமெரிக்கா நீரிழிவுக்காக அனுமதி தந்தது. எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், பலன் சுமார்தான். 2016-இல் நீரிழிவுள்ள எலிகளின் மூளைக்குள் ஒரே ஒரு முறை ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் செலுத்தியதும் வாரக்கணக்கில் சீனி சரியாக இருந்தது. அது எலி. உங்கள் மாமாவுக்கு அந்த ஊசி எந்தக் கிளினிக்கிலும் இல்லை. நேர்மாறான சாட்சியும் உண்டு. மனநோய்க்குக் கொடுக்கும் ஒலன்சபின் போன்ற மருந்துகள் எடையையும் சீனியையும் ஏற்றிவிடுகின்றன. அதற்காக அந்த மருந்தைத் தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலின் இல்லாவிட்டால் உயிரே இருக்காது. அங்கே தியானம், கசாயம், பாகற்காய் எதற்கும் இடமில்லை. இரண்டாம் வகையில் நோயைத் தணிய வைக்க முடியும். பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்களில் 46 விழுக்காட்டினர் ஒரு வருஷத்தில் மருந்தில்லாத நிலைக்கு வந்தார்கள். ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில், மாதக்கணக்கில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே உண்டு, பதினைந்து கிலோ அளவுக்கு எடை குறைக்க முயன்றவர்களின் கதை. வாட்சாப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்களின் கதை இல்லை.

ஆக, இனிப்பு நீர் உள்ளவரைப் பார்த்தால் அடுத்த முறை லட்டுத் தட்டை நகர்த்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. குற்றப்பத்திரிகை மட்டும் வாசிக்காதீர்கள். நோயாளிகளுக்கும் ஒரு சொல். கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் சாப்பாட்டை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஷிப்ட் நேரத்தைச் சொல்லுங்கள், தூக்கத்தைச் சொல்லுங்கள், நடுக்கமும் வேர்வையும் எப்போது வருகிறது, வராமலே மயங்கியதுண்டா என்று சொல்லுங்கள். தைப்பூச விரதத்துக்கு முன்பே போய் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். முதலாளிகளும் கேட்கட்டும்: பன்னிரண்டு மணி நேர இரவு வேலையை ஒரே ஆளிடம் வருஷக்கணக்கில் சுமத்துவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு.

2019-இல் கண்ட அந்த 18.3 விழுக்காட்டில் 8.9 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தங்களுக்கு நோய் இருப்பதே சோதனை வரை தெரியாது. அவர்களில் யாரையும் ஊர் குற்றம் சொல்லியிருக்காது. அவர்களும் தே தாரிக்கைத் தயக்கமில்லாமல் குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடியுரிமை உள்ளவர் கட்ட வேண்டியது ஒரு வெள்ளி. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒருநாள் இறங்கி ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.